பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு: அப்பத்தா சொன்னதில் எது சரி, எதை மாற்ற வேண்டும்?

ஆத்தங்குடிக்கு வருகிறவர்கள் முதலில் குனிந்து தரையைத்தான் பார்க்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமென்டும் மணலும் பரப்பி, கையாலேயே வார்த்தெடுக்கும் ஆத்தங்குடி டைல்ஸ் உலகம் முழுக்கப் பிரபலம். பெரிய வீட்டின் தூண்களுக்கு நடுவே நின்று நாலு போட்டோ எடுத்து முடித்ததும் பசி எடுக்கும். வண்டி காரைக்குடிப் பக்கம் திரும்பும். ஏதோ ஒரு மெஸ்ஸில் இலை போட்டு, சோறு வைத்து, பரிமாறுகிறவர் கேட்பார்: "சுறாப் புட்டு வைக்கவாண்ணே?"

இலையில் வந்து விழுவதைப் பார்த்தால் முட்டைப் பொடிமாஸ் மாதிரியே இருக்கும். மஞ்சள் நிறம், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மிளகு வாசம். பல வீடுகளில் இதில் முட்டையும் ஊற்றுவார்கள் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். ஆனால் உதிரி உதிரியாக இருப்பது சுறா மீன்.

இந்தப் பக்கத்து வீடுகளில் சுறாப் புட்டுக்கு இன்னொரு பெயரும் உண்டு: பிள்ளை பெற்றவள் சாப்பாடு. குழந்தை பிறந்த வீட்டில் அப்பத்தாவோ ஆயாவோ முதலில் சொல்வது, "பால் சுறா வாங்கிட்டு வாங்க, புட்டு செஞ்சு குடுத்தா நல்லா பால் ஊறும்" என்பதுதான். செட்டிநாடு மட்டுமல்ல, தமிழகக் கடற்கரை முழுவதும், யாழ்ப்பாணத்திலும் இதே நம்பிக்கை இருக்கிறது.

ஆனால் அதே தாய், கையிலிருக்கும் போனில் தேடிப் பார்த்தால், "பாலூட்டும் பெண்கள் சுறா சாப்பிடக் கூடாது" என்று வெளிநாட்டு சுகாதார அமைப்புகள் சொல்வதைப் பார்ப்பார். யார் சொல்வது சரி? பாட்டியா, போனா?

சுருக்கமான பதில்: சமைக்கும் முறையில் பாட்டி சொல்வது மிகச் சரி. மீனைத் தேர்ந்தெடுப்பதில்தான் மாற்றம் வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

கடலே இல்லாத ஊரில் சுறா எப்படி?

செட்டிநாடு செம்மண் பூமி. வானம் பார்த்த நிலம். ஆத்தங்குடியிலிருந்து கடலுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனால் கிழக்கே போனால் பாக் நீரிணைக் கரையில் தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று வரிசையாக மீன்பிடி ஊர்கள். செட்டிநாட்டுச் சந்தைகளுக்கு மீன் வரும் வழி அதுதான்.

ஐஸ் பெட்டியும் லாரியும் வராத காலத்தில் கடலிலிருந்து உள்நாட்டுக்குக் கெடாமல் வந்து சேரக்கூடியது கருவாடுதான். சுறாவும் கருவாடாக வந்தது. இன்றைக்கும் சுறாக் கருவாட்டை ஊறவைத்து, வேகவைத்து, உதிர்த்துப் புட்டு செய்கிற வீடுகள் உண்டு.

கடலோடு உள்ள தொடர்பு இன்னும் பழையது. நகரத்தார் தங்கள் பூர்வீகமாகச் சொல்வது காவிரிப்பூம்பட்டினத்தை. அந்த ஊரைப் பற்றிய சங்க இலக்கியம் பட்டினப்பாலை. பௌர்ணமி நாளில் கடலுக்குப் போகாத பரதவர்கள், சினைச் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டு ஆடிய காட்சி அதில் வருகிறது. ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மீனின் கொம்புதான் அது என்று கருதப்படுகிறது. சுறாவுக்கும் தமிழ்க் கடற்கரைக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

ஏன் பொரிக்காமல் புட்டு செய்கிறார்கள்?

வஞ்சிரத்தை வறுக்கிறோம். சங்கராவைக் குழம்பு வைக்கிறோம். சுறாவை மட்டும் ஏன் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, பிழிந்து, உதிர்க்க வேண்டும்? இதற்குப் பின்னால் சுத்தமான வேதியியல் இருக்கிறது.

முதல் காரணம், எலும்பு. சுறாவுக்கு முள் கிடையாது. நம் காது மடலில் இருப்பது போன்ற குருத்தெலும்புதான் அதன் உடல் முழுக்க. வெந்ததும் நடுத்தண்டைத் தனியாக உருவி எடுத்துவிடலாம். மிச்சமிருக்கும் சதையில் தொண்டையில் சிக்க எதுவும் இல்லை. பல் போன பெரியவர்களும் முள் பயமில்லாமல் சாப்பிடலாம்.

இரண்டாவது காரணம், தோல். சுறாவின் தோலைத் தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். பல் போன்ற நுண்ணிய செதில்கள் அதில் இருக்கின்றன. பச்சையாக இருக்கும்போது உரிப்பது கஷ்டம். கொதிக்கும் தண்ணீரில் வெந்ததும் சுலபமாக வழன்று வந்துவிடும்.

மூன்றாவதுதான் முக்கியமான காரணம்: யூரியா. உப்புக் கடலில் வாழும் சுறா, உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறிவிடாமல் இருக்கத் தன் ரத்தத்திலும் சதையிலும் யூரியாவைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. உயிரோடு இருக்கும்வரை பிரச்சினை இல்லை. செத்தபிறகு பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை உடைக்க, அமோனியா வெளிவரும். கழிவறையில் வரும் அதே நெடி. சுறாவை அப்படியே எண்ணெயில் போட்டால் இந்த வாடை உள்ளேயே தங்கிவிடும்.

யூரியா தண்ணீரில் நன்றாகக் கரையும். எனவே மஞ்சள் போட்டு வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டும்போது யூரியாவும் சேர்ந்து போகிறது. கையால் பிழியும்போது மிச்சமும் போகிறது. புளித் தண்ணீரில் அலசுகிற வழக்கத்துக்கும் காரணம் உண்டு. புளியில் உள்ள அமிலம் அமோனியாவோடு சேர்ந்து அதை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடும். மூக்குக்கு வாடை எட்டாது. வேதியியல் படிக்காத ஆச்சிகள் அனுபவத்திலேயே கண்டுபிடித்த வழி இது.

சுறா சாப்பிடுகிற மற்ற ஊர்க்காரர்களும் இதே சிக்கலுக்கு ஆளுக்கொரு வழி கண்டிருக்கிறார்கள். கோவாவில் சுறாவைப் புளிப்பும் காரமுமான ‘அம்போட்டிக்’ குழம்பில் போடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் அவித்து உதிர்த்து, தேங்காய்ப்பூ சேர்த்து ‘சுறா வறை’ செய்கிறார்கள். ஐஸ்லாந்தில் பெரிய சுறாவை மாதக்கணக்கில் புளிக்கவைத்துக் காற்றில் தொங்கவிட்டு ‘ஹாகார்ல்’ என்று சாப்பிடுகிறார்கள். அமோனியா நெடி போகாமலேயே அதை ரசிப்பவர்களும் அங்கே உண்டு.

முட்டை எதற்கு?

சுறா தன் கொழுப்பை எல்லாம் ஈரலில் வைத்துக்கொள்ளும். சதையில் கொழுப்பு மிகக் குறைவு. அதை வேகவைத்துப் பிழிந்தும் விட்டால் என்ன ஆகும்? வாயில் போட்டால் மரத்தூள் மாதிரி வறண்டு போகும். அதைச் சரிசெய்யத்தான் நல்லெண்ணெயும், கைநிறைய சின்ன வெங்காயமும், கடைசியில் முட்டையும்.

அடித்த முட்டை ஒவ்வொரு உதிரியையும் மெல்லிய போர்வை மாதிரி மூடிக்கொள்கிறது. மிளகும் சோம்பும் உதிர்ந்து இலையில் தங்காமல் மீனோடு ஒட்டிக்கொள்கின்றன. ஈரமும் மென்மையும் வருகிறது. இன்னொரு நடைமுறை லாபமும் இருக்கிறது. பத்துப் பேர் சாப்பிடும் கூட்டுக் குடும்பத்தில் அரைக் கிலோ மீன் பத்தாது. ரெண்டு முட்டை ஊற்றினால் எல்லார் இலைக்கும் ஒரு கரண்டி வரும்.

முட்டை சேர்க்காமல் தேங்காய்த் துருவல் மட்டும் போடும் வீடுகளும் உண்டு. இரண்டுமே சுறாப் புட்டுதான்.

'பால் ஊறும்' என்பது உண்மையா?

இந்த நம்பிக்கை உலக அளவில் ஒரு மீனுக்குப் பெயராகவே ஆகியிருக்கிறது. நாம் பால் சுறா என்று சொல்லும் சிறிய சுறா இனத்துக்கு ஆங்கிலத்திலும் ‘மில்க் ஷார்க்’ என்றுதான் பெயர். அதைச் சாப்பிட்டால் தாய்ப்பால் சுரக்கும் என்ற இந்திய நம்பிக்கையிலிருந்து வந்த பெயர் அது.

ஆனால் சுறா இறைச்சிக்கென்று பாலைச் சுரக்க வைக்கும் தனிச் சக்தி இருப்பதாக மருத்துவ ஆய்வுகள் நிறுவவில்லை. பால் சுரப்பதைத் தீர்மானிப்பது குழந்தை எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு நன்றாகச் சப்புகிறது என்பதுதான். குழந்தை மார்பில் சப்பும்போது தாயின் மூளையிலிருந்து புரோலாக்டின், ஆக்ஸிடோசின் என்ற இரண்டு ஹார்மோன்கள் வருகின்றன. முதலாவது பாலை உற்பத்தி செய்யச் சொல்கிறது. இரண்டாவது அதை வெளியே தள்ளுகிறது. மார்பு காலியாகக் காலியாகத்தான் புதுப்பால் ஊறும். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

அப்போ பாட்டி சொன்னது வெறும் கதையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. பிரசவித்த பெண்ணுக்குக் கூடுதல் புரதம் வேண்டும், எளிதில் செரிக்கும் சாப்பாடு வேண்டும். எண்ணெயில் பொரிக்காத, முள் இல்லாத, மிளகும் பூண்டும் போட்ட புட்டு அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரு பெண்ணுக்கென்று தனியாக மெனக்கெட்டுச் சமைத்து, உட்காரவைத்துப் பரிமாறுகிற கவனிப்பும் சின்ன விஷயமில்லை.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. "பால் பத்தலை" என்ற பயத்தில் சுறாவைத் தேடி அலையும் குடும்பம், குழந்தை சரியாகப் பால் குடிக்கிறதா என்று பார்க்கத் தவறிவிடக் கூடாது. பிறந்து முதல் வாரம் முடியும் நேரத்தில் குழந்தை ஒரு நாளைக்கு 6 முறையாவது சிறுநீர் கழிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் பால் போதும் என்று அர்த்தம். இல்லையென்றால் போக வேண்டிய இடம் மீன் கடை அல்ல, மருத்துவமனை.

பாதரசம்: சுறாவில் என்ன பிரச்சினை?

காற்றிலும் நீரிலும் கலக்கும் பாதரசம், கடலில் உள்ள நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறுகிறது. அதை முதலில் பாசியும் மிதவை உயிர்களும் எடுத்துக்கொள்கின்றன. அவற்றைச் சின்ன மீன் தின்கிறது. நூறு சின்ன மீன்களைப் பெரிய மீன் தின்கிறது. அந்தப் பெரிய மீன்களைத் தின்பது சுறா. ஒவ்வொரு படியிலும் பாதரசம் உடலில் சேர்ந்துகொண்டே போகிறது; எளிதில் வெளியேறாது. சங்கிலியின் உச்சியில் இருப்பதால் சுறாவுக்கு வந்து சேரும் பங்கு அதிகம். பெரிதாக, வயதாக ஆக இன்னும் அதிகம்.

மெத்தில் பாதரசம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். உலகம் இதைப் புரிந்துகொண்டது ஜப்பானின் மினமாட்டா நகரில். ஒரு ரசாயன ஆலை கடலில் விட்ட கழிவு மீன்களில் சேர்ந்து, அந்த மீனைச் சாப்பிட்ட மக்களைத் தாக்கியது. 1956-ல் அந்த நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. தாய்க்குப் பெரிதாக அறிகுறி இல்லாமலேயே, வயிற்றில் இருந்த குழந்தைகள் மூளைப் பாதிப்போடு பிறந்தார்கள்.

சுறாப் புட்டு சாப்பிட்டால் மினமாட்டா நோய் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அது ஆலைக் கழிவால் வந்த பேரழிவு. ஆனால் வளரும் மூளைக்குத்தான் பாதரசம் அதிக ஆபத்து என்ற பாடம் அங்கிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் ஆகியோர் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் சுறாவை வைத்திருக்கிறது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை, கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்களும் குழந்தைகளும் சுறாவைச் சாப்பிட வேண்டாம் என்கிறது. மற்ற பெரியவர்களுக்கும் வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம் என்கிறது. இந்தியாவிலும் உணவில் மெத்தில் பாதரசம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் உச்ச வரம்பு வைத்திருக்கிறது.

"பால் சுறா சின்னதுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சின்னச் சுறாவில் பாதரசம் பொதுவாகப் பெரிய சுறாவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் துண்டு போட்டு வைத்த மீனைப் பார்த்து அது எந்தச் சுறா, என்ன வயசு என்று வாங்குகிறவரால் சொல்ல முடியாது. இன்னொன்று: வேகவைத்துப் பிழிந்தால் யூரியா போகும், பாதரசம் போகாது. அது சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் எந்தச் சமையல் முறையும் அதை நீக்காது.

இதனால் மீனையே நிறுத்திவிடக் கூடாது என்பதும் முக்கியம். பாதரசம் குறைந்த மீன்களைப் பாலூட்டும் தாய்மார்கள் வாரம் இரண்டு மூன்று முறை சாப்பிடலாம் என்பதே அதே அமெரிக்க அமைப்பின் அறிவுரை. மத்தி, நெத்திலி, இறால், நண்டு, கணவாய், திலாப்பியா எல்லாம் அந்த நல்ல பட்டியலில் இருக்கின்றன.

சுறா வாங்குவது சட்டப்படி குற்றமா?

எல்லாச் சுறாவும் தடை செய்யப்பட்டதல்ல. 2001-ல் மத்திய அரசு முதலில் எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள். வலையில் தானாக வந்து மாட்டும் மீனுக்கு எப்படிப் பொறுப்பாவது என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இருந்தது. அதே ஆண்டின் இறுதியில் பட்டியல் 10 இனங்களாகக் குறைக்கப்பட்டது. திமிங்கிலச் சுறா, கங்கைச் சுறா, பாண்டிச்சேரி சுறா, பட்டினப்பாலைப் பரதவர் கொம்பை நட்டு வணங்கிய வேளா மீன் இனங்கள் எல்லாம் அதில் உண்டு. 2022-ல் நிறைவேறி 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த சட்டத் திருத்தம் பட்டியலை மேலும் நீட்டியது. முதல் அட்டவணையில் உள்ள இனங்களைப் பிடித்தாலோ விற்றாலோ 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை.

பால் சுறாவைச் சமைப்பது குற்றமில்லை. ஆனால் அதன் நிலைமையும் நன்றாக இல்லை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது ‘அழியும் வாய்ப்புள்ள’ இனம். உலகச் சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிவின் விளிம்பை நோக்கிப் போவதாக 2021-ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது.

காரணம் கணக்கு. மத்தி மாதிரி மீன்கள் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். பால் சுறா குட்டி போடும் இனம். ஏறக்குறைய ஒரு வருடம் சுமந்து, ஒரு ஈற்றில் அதிகபட்சம் 8 குட்டிகள்தான் போடும். புட்டுக்கு நாம் கேட்பதோ இளசாக இருக்கும் குட்டிச் சுறாவை. அது வளர்ந்து குட்டி போடுவதற்கு முன்பே இலைக்கு வந்துவிடுகிறது.

சரி, புட்டை விட்டுவிட வேண்டுமா?

தேவையே இல்லை. புட்டு என்பது ஒரு மீனின் பெயரல்ல, ஒரு செய்முறையின் பெயர். வேகவைத்து, உதிர்த்து, வெங்காயத்தோடு வதக்கி, முட்டையால் கட்டுவது என்ற அந்த முறைக்குள் வேறு மீனும் உட்காரும்.

பிள்ளை பெற்றவளுக்கு: இறால் அல்லது ஜிலேபி மீன் எனப்படும் திலாப்பியா. இறாலில் முள் பிரச்சினையே இல்லை. ஜிலேபி எந்தக் கண்மாயிலும் கிடைக்கும்; ஆவியில் வேகவைத்தால் முள்ளைச் சுலபமாக எடுத்துவிடலாம்.

வீட்டில் மற்றவர்களுக்கு: விரால். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊரே கண்மாயில் இறங்கும் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தாவும் வலையும் வைத்துப் பிடித்து, வீட்டுக்கு எடுத்துப் போகும் மீன்களில் விராலுக்குத்தான் மவுசு. கெட்டியான சதை, முள் குறைவு. உடம்புக்கு முடியாதவர்களுக்கு விரால் கொடுக்கும் வழக்கமும் ஏற்கெனவே இருக்கிறது.

எப்போதாவது சுறாவே வேண்டும் என்கிற பெரியவர்கள், கர்ப்பிணியோ பாலூட்டுபவரோ இல்லையென்றால், அளவாகச் சாப்பிடலாம். வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். அமோனியா நெடி மூக்கில் ஏறினால் அது பழைய மீன். எவ்வளவு பிழிந்தாலும் சரியாகாது.

முட்டை ஊற்றிய மீன் புட்டு: செய்முறை (4 பேருக்கு)

தேவையானவை:

- மீன் அல்லது சுத்தம் செய்த இறால்: 500 கிராம்
- முட்டை: 2
- சின்ன வெங்காயம்: 200 கிராம், பொடியாக நறுக்கியது
- பூண்டு: 15 பல், தட்டியது
- இஞ்சி: ஒரு அங்குலத் துண்டு, பொடியாக நறுக்கியது
- பச்சை மிளகாய்: 2
- வரமிளகாய்: 3
- கடுகு: அரை டீஸ்பூன்
- உளுத்தம்பருப்பு: 1 டீஸ்பூன்
- சோம்பு: 1 டீஸ்பூன்
- மிளகு, சீரகம் சேர்த்துப் பொடித்தது: ஒன்றரை டீஸ்பூன்
- மஞ்சள்தூள்: அரை டீஸ்பூன்
- தேங்காய்த் துருவல்: 3 டேபிள்ஸ்பூன்
- நல்லெண்ணெய்: 4 டேபிள்ஸ்பூன்
- கறிவேப்பிலை, கொத்தமல்லி, உப்பு: தேவைக்கு

1. வேகவைத்தல்: சுறா என்றால், நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்த தண்ணீரில் முதலில் அலசுங்கள். பிறகு மூழ்கும் அளவு தண்ணீரில் பாதி மஞ்சள்தூளும் உப்பும் போட்டு, மூடாமல் 8 முதல் 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். மூடாமல் வேகவைத்தால்தான் அமோனியா ஆவியாகப் போகும். தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். விரால், ஜிலேபி என்றால் இட்லிப் பாத்திரத்தில் 10 நிமிடம் ஆவியில் வைத்தால் போதும். இறாலை வேகவைக்கவே வேண்டாம், பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள்.

2. உதிர்த்தல்: ஆறியதும் தோலை வழித்து, முள் அல்லது நடுத்தண்டை எடுத்துவிடுங்கள். சுறாவை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து நன்றாகப் பிழியுங்கள். மற்ற மீன்களைப் பிழியாதீர்கள். சாறுதான் அவற்றின் ருசி. விரல் நுனியால் உதிர்த்து, மிச்ச மஞ்சளும் கொஞ்சம் உப்பும் பிசறி வையுங்கள். விரலால் உதிர்க்கும்போதுதான் தப்பிய முள் தட்டுப்படும் என்பதால் மிக்ஸி வேண்டாம்.

3. தாளித்தல்: இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, சோம்பு, கிள்ளிய வரமிளகாய், கறிவேப்பிலை. அடுத்து பூண்டு, இஞ்சி. அதன் பிறகு வெங்காயமும் பச்சை மிளகாயும். வெங்காயம் கண்ணாடி பதத்தைத் தாண்டி லேசாகச் சிவக்கும்வரை பொறுமையாக வதக்குங்கள். புட்டின் இனிப்பு இந்த இடத்தில்தான் வருகிறது.

4. வதக்குதல்: உதிர்த்த மீனைப் போட்டு, சிறு தீயில் 8 நிமிடம் கிளறுங்கள். ஈரம் வற்றி, உதிரிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிய வேண்டும். இறால் என்றால் 4 நிமிடம் போதும். அதற்கு மேல் ரப்பர் ஆகிவிடும்.

5. முட்டை: புட்டைச் சட்டியின் ஓரமாக ஒதுக்கி நடுவில் இடம் விடுங்கள். ஒரு சிட்டிகை உப்பு போட்டு அடித்த முட்டையை அங்கே ஊற்றி, அரை நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். அடியில் பிடிக்க ஆரம்பித்ததும் புட்டோடு சேர்த்துப் புரட்டுங்கள். முட்டையை ஊற்றிய உடனே கிளறினால் எல்லாம் சேறு மாதிரி ஆகிவிடும். பலர் தவறவிடுவது இந்த அரை நிமிடத்தைத்தான்.

6. முடித்தல்: மிளகு சீரகப் பொடியும் தேங்காயும் தூவி இரண்டு நிமிடம் பிரட்டி, முட்டை முழுவதும் வெந்ததும் கொத்தமல்லி போட்டு இறக்குங்கள். பிள்ளை பெற்றவளுக்கு என்றால் மிளகாயைக் குறைத்து, பூண்டைக் கூட்டிக்கொள்ளலாம்.

சூடான சோறு, மேலே மிளகு ரசம், பக்கத்தில் ஒரு கரண்டி புட்டு. இதுதான் சரியான ஜோடி. மிச்சமிருந்தால் ராத்திரி தோசைக்கு நடுவில் வைத்து மடித்துவிடலாம்.

அப்பத்தாவிடம் எப்படிச் சொல்வது?

பல வீடுகளில் உண்மையான சிக்கல் இதுதான். "நாங்கள்லாம் சாப்பிட்டுத்தான் அஞ்சு பிள்ளை வளர்த்தோம்" என்ற வரிக்கு முன்னால் எந்த ஆராய்ச்சியும் நிற்காது. "சுறா கூடாதாம்" என்று போனைக் காட்டினால் சண்டைதான் வரும்.

அதற்குப் பதில் அரைக் கிலோ இறாலை வாங்கி வந்து, "அப்பத்தா, அந்தப் புட்டை இதுல செஞ்சு குடுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். வெங்காயம் எவ்வளவு சிவக்க வேண்டும், முட்டையை எப்போது ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் கைக்குத்தான் தெரியும். அந்தக் கைப்பக்குவத்தைக் கற்றுக்கொள்ளவும் அதைவிட நல்ல நாள் வாய்க்காது.